ஓடாமலேயே தேயும் மோட்டார்: லாரிப் பயணத்தில் பேரிங்கையும் வைண்டிங்கையும் காக்கும் முறை

ஆலையில் பல ஆண்டுகள் சத்தமின்றி ஓடிய மோட்டார், வேறு ஊருக்கு மாற்றிய சில மாதங்களில் இரையத் தொடங்கினால், சுழலும் தண்டான ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் மட்டமானது என்றோ கிரீஸ் சரியில்லை என்றோ சொல்லிவிடுகிறோம். அது வந்த வழியை யாரும் விசாரிப்பதில்லை.

பேரிங் சுழலும்போது உருளைக்கும் வளையத்துக்கும் இடையில் மெல்லிய எண்ணெய்ப் படலம் உருவாகி இரண்டையும் பிரித்து வைக்கிறது. மோட்டார் நின்றபடி லாரியில் குலுங்கும்போது அந்தப் படலம் உருவாவதில்லை. உருளைகள் ஒரே இடத்தில் மிக நுண்ணிய அளவில் முன்னும் பின்னும் அசைந்து, அங்கிருந்த கிரீஸை ஒதுக்கிவிட்டு, இரும்போடு இரும்பாக உரசுகின்றன. உதிரும் துகள் துருவாகிச் செம்பழுப்புப் பொடியாகி மேலும் அரிக்கிறது. முடிவில் உருளைகளின் இடைவெளிக்கு ஏற்ப, வளையத்தில் வரிசையாகப் பள்ளங்கள் விழுகின்றன. உலோகத்தில் குண்டை அழுத்திக் கடினத்தன்மையை அளக்கும் பிரினெல் சோதனையின் தழும்பைப் போலத் தோன்றினாலும், இவை அழுத்தத்தால் அன்றித் தேய்மானத்தால் வருவதால் 'போலி பிரினெல்' எனப்படுகின்றன. 1930களில் டெட்ராய்ட்டிலிருந்து ரயிலில் அனுப்பப்பட்ட புதிய கார்களின் சக்கர பேரிங்குகள், சாலையில் ஓடுவதற்கு முன்பே இப்படிப் பழுதடைந்தன.

ஆகவே முதல் வேலை, ஷாஃப்டை அசையவிடாமல் பூட்டுவது. உருளை வடிவ ரோலர் பேரிங் உள்ள மோட்டார்களுக்கு இது கட்டாயம். தயாரிப்பாளர்கள் அவற்றைப் பூட்டுடனேயே அனுப்புகிறார்கள். அதைப் பழைய இரும்போடு போட்டுவிடாமல் பத்திரப்படுத்துங்கள். பூட்டு இல்லையென்றால், கப்ளிங்கையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டு, ஷாஃப்ட் முனையின் மையத்திலுள்ள மரைத்துளையில் போல்ட்டும் பட்டைத் தகடும் பொருத்தி, ஷாஃப்டை நீளவாக்கில் ஒரு பக்கமாக இழுத்து, ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

வண்டியில் ஏற்றும் இடமும் முக்கியம். பின் அச்சுக்கு அப்பால் நீண்டிருக்கும் பகுதியில்தான் குலுக்கல் மிக அதிகம் என்பதால், மோட்டாரை முன்னும் பின்னுமுள்ள அச்சுகளுக்கு நடுவில் வையுங்கள். பட்டைச் சுருள் (லீஃப் ஸ்பிரிங்) உள்ள வண்டி அரைச் சுமையோடு ஓடினால் கடுமையாகத் தூக்கிப்போடும். காற்று சஸ்பென்ஷன் வண்டி கிடைத்தால் கூடுதல் வாடகைக்குத் தயங்க வேண்டாம் என்பதே என் கருத்து. கையில் கிடைத்த மெத்தென்ற ரப்பரை அடியில் போடுவது ஆபத்தானது: பட்டைச் சுருளின் ஆட்டம் நொடிக்கு ஏறத்தாழ 2 முதல் 5 முறை, ரப்பரின் இயல்பான ஆட்டமும் அதை ஒட்டி அமைந்தால் குலுக்கல் குறைவதற்குப் பதில் பெருகிவிடும். கட்டும் பட்டையை மோட்டாரின் கால்களில் கட்டுங்கள், ஷாஃப்டில் அல்ல.

அடுத்தது, வைண்டிங் எனும் கம்பிச் சுருளின் மின்காப்பைக் கெடுக்கும் ஈரம். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறத்தாழ 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர்த்துளியாகிவிடும். பகலில் பிளாஸ்டிக்கால் இறுக்கிச் சுற்றிய மோட்டாருக்குள் விடியற்காலையில் தண்ணீர் கோப்பது இதனால்தான். உறைக்குள் போதிய சிலிக்கா ஜெல் வையுங்கள்; ஷாஃப்டின் வெளிப்பகுதிக்குத் துருத் தடுப்புப் பூச்சு தடவுங்கள். பெட்டி மரமும் உலர்ந்திருக்க வேண்டும். ஏற்றுமதி மரப்பெட்டிகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்பிஎம் 15-இன் முத்திரை, மரத்தின் உட்பகுதியை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவது போன்ற முறையில் பூச்சிகளைக் கொன்றதற்கான சான்றுதான். மரம் உலர்ந்துவிட்டது என்பதற்கான சான்று அல்ல.

வந்து சேர்ந்ததும் அவசரப்பட்டு உறையைப் பிரிக்காதீர்கள். மோட்டார் அறையின் வெப்பநிலைக்கு வரட்டும். பிறகு மின்காப்பின் தடையை அளக்கும் கருவியான 500 வோல்ட் மெக்கரால் ஒரு நிமிடம் சோதியுங்கள். சாதாரணக் குறைந்த மின்னழுத்த மோட்டாரின் வைண்டிங்குக்கு மின்பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ-யின் 43ஆம் எண் தரநிலை கேட்பது, 40 டிகிரியில் குறைந்தது 5 மெகா ஓம். வைண்டிங் 10 டிகிரி சூடேறினால் அளவு ஏறத்தாழப் பாதியாகும் என்பதால் வெப்பநிலையையும் சேர்த்தே குறித்துவையுங்கள். அளவு குறைந்திருந்தால் உலர்த்தும் வரை மின்சாரம் கொடுக்கக் கூடாது. டெர்மினல் பெட்டியின் திருகுகளையும் அடித்தள போல்ட்டுகளையும் மீண்டும் இறுக்கிப் பாருங்கள்.

பின்னர் பூட்டைக் கழற்றி, ஷாஃப்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சீரான இடைவெளியில் விரலுக்குத் தட்டுப்பட்டால் பேரிங்கை அப்போதே மாற்றிவிடுவது நல்லது. உடனே ஓட்டப்போவதில்லை என்றால், மாதம் ஒருமுறை சில சுற்றுகள் சுற்றி, முன்பு நின்ற நிலையிலிருந்து மாறி நிற்கும்படி விடுங்கள். கழற்றிய பூட்டில் மோட்டாரின் எண்ணை எழுதி அதன் அருகிலேயே மாட்டிவையுங்கள். ரீவைண்டிங் கடைக்குப் போகும் சிறு பயணத்துக்கும் அது தேவைப்படும்.