ரவுட்டருக்கு அடாப்டர் மாற்றும் முன்

வீட்டு ரவுட்டர் தானாக அணைந்து அணைந்து எரிந்தால் முதலில் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். எனக்கு இது புரிய இரண்டு மாதம் ஆனது. இரவில் எல்லோரும் வீடியோ பார்க்கிற நேரத்தில்தான் என் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகும். லைனில் கோளாறு என்று நினைத்தேன், ரீசெட் செய்து பார்த்தேன், புது ரவுட்டர் வாங்கவும் தயாராகிவிட்டேன். நடுவில் ஒருநாள் அடாப்டரை மல்டிமீட்டரில் பார்த்தேன். 12.1 வோல்ட். நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒதுக்கி வைத்தேன். அங்கேதான் தவறு நடந்தது.

சும்மா இருக்கும்போது பழுதான அடாப்டரும் சரியான வோல்டேஜைக் காட்டும். உள்ளே மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் வருடக்கணக்கில் சூட்டிலேயே கிடந்து வறண்டுவிடும். அப்புறம் லோடு, அதாவது இழுக்கும் கரண்ட், ஏறினால் வோல்டேஜ் இறங்கிவிடும். அதனால் லோடு கொடுத்துத்தான் அளக்க வேண்டும். 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் என்றால் அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே 12 ஓம், 25 வாட் ரெசிஸ்டரைக் கொடுங்கள். சரியாக 1 ஆம்பியர் இழுக்கும். என்னுடையது 9.6க்கு விழுந்து, ஊசலாடிக்கொண்டே இருந்தது. ரெசிஸ்டர் நன்றாகச் சுடும். ஐந்தாறு நொடியில் எடுத்துவிடுங்கள், கையில் பிடிக்காதீர்கள்.

சரி, மாற்று அடாப்டர் எப்படித் தேர்ந்தெடுப்பது? ரவுட்டரின் அடியில் இருக்கும் லேபிளைப் படியுங்கள். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் லேபிளில் உள்ள அளவோ அதற்கு மேலோ இருக்கலாம். 1 ஆம்பியர் கேட்கும் ரவுட்டருக்கு 2 ஆம்பியர் அடாப்டர் போட்டால் எதுவும் ஆகாது, ரவுட்டர் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும். குறைவாகப் போட்டால்தான் வம்பு. டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய கனமான அடாப்டர்களை நான் தொடுவதே இல்லை. 12 என்று எழுதியிருந்தாலும் லோடு இல்லாதபோது 16, 17 வோல்ட் வரை காட்டுபவை அவற்றில் உண்டு. சிலவற்றில் டிசிக்குப் பதில் ஏசியே (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) வெளியே வரும். லேபிளில் அவுட்புட் பக்கம் அலைக்கோடு இருந்தால் டிசி ரவுட்டருக்கு அது ஆகாது.

ரவுட்டரில் செருகும் முனையான ‘பின்’ விஷயத்தில் கவனம் தேவை. வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் என்று பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள் துளை 2.1, 2.5 என்று இரண்டு வகை. 2.1 சாக்கெட்டில் 2.5 பின் நுழைந்துவிடும், ஆனால் தொளதொளவென்று இருக்கும். வயரைத் தொட்டாலே ரவுட்டர் அணையும்.

நல்ல அடாப்டர் கிடைத்து, பின் மட்டும் பொருந்தவில்லை என்றால் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். ரவுட்டரிலிருந்து கழற்றிவிட்டு, பழைய அடாப்டரின் பின்னை 15 சென்டிமீட்டர் வயரோடு வெட்டி எடுங்கள். வெள்ளைக் கோடு போட்ட வயர் பெரும்பாலும் பாசிட்டிவ்தான், ஆனாலும் அதை நம்பிச் சேர்க்காதீர்கள். மீட்டரில் பார்த்துவிட்டு, மெயின்ஸிலிருந்து பிடுங்கிய பிறகு சால்டர் (ஈயம் உருக்கி ஒட்டுவது) வையுங்கள். சூடு பட்டால் சுருங்கி இணைப்பை மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சால்டர் வைக்கும் முன்பே வயரில் கோத்துவிடுங்கள். இரண்டு இணைப்புகளும் ஒரே இடத்தில் வராமல் ஒரு வயரைச் சற்றுக் குட்டையாக வெட்டினால் ஷார்ட் ஆகும் பயம் குறையும். முடித்ததும் லேபிளில் உள்ளபடி நடுவில் பாசிட்டிவ் வருகிறதா என்று மறுபடி அளந்த பிறகே ரவுட்டரில் செருகுங்கள்.

அடாப்டரை மட்டும் உடைத்துத் திறக்க வேண்டாம். 230 வோல்ட் மெயின்ஸில் ஓடும் அடாப்டரின் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கலாம்.

கரண்ட் போகும் நேரத்துக்கு பவர் பேங்கிலிருந்து 12 வோல்ட்டாக ஏற்றும் கேபிள் பலரும் போடுகிறார்கள். கணக்குப் பாருங்கள்: 12 வோல்ட், 1 ஆம்பியர் என்பது 12 வாட். 5 வோல்ட் பக்கம் அது, கேபிளில் வீணாவதையும் சேர்த்தால், 2.7 ஆம்பியர் அளவுக்கு வரும். 2 ஆம்பியர் போர்ட் அதைத் தாங்காது. என் ரவுட்டர் 9 வோல்ட், 0.6 ஆம்பியர்காரராக இருந்திருந்தால் 9 வோல்ட்டாக ஏற்றும் அதே வகைக் கேபிளே போதுமாயிருக்கும்.