எலக்ட்ரிக் பிக்கப்பில் ஸ்கார்பரோவிலிருந்து நியூ ஜெர்சிக்கு: முதல் தடவை எல்லை தாண்டுபவர்களுக்கு

நீண்ட வார இறுதி வந்தால் கனடாவின் ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத்திலிருந்து அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்கு வண்டி கட்டும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரர் கோயில், எடிசனில் ஒரு மசாலா தோசை, சொந்தக்காரர் வீட்டில் இரண்டு இரவு. நாங்களும் அப்படித்தான் போகிறோம், ஆனால் எலக்ட்ரிக் பிக்கப்பில். பெரிய பேட்டரி உள்ள ஃபோர்டு எஃப்-150 லைட்னிங். இந்த மாதிரி வண்டியைப் புதிதாக வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எல்லை தாண்டினால் நடுவழியில் நின்றுவிடாதா?" என்றுதான். நிற்காது. கணக்கைச் சரியாகப் போட்டால் போதும்.

படி 1: கிலோமீட்டரை விட்டு யூனிட்டில் எண்ணுங்கள்

இந்த வண்டியின் பேட்டரியில் நாம் பயன்படுத்தக்கூடியது 131 யூனிட். வீட்டுக் கரண்ட் பில்லில் கிலோவாட் மணி (kWh) என்று வரும் அதே யூனிட்தான். அதிகாரபூர்வமாக 515 கிலோமீட்டர் ஓடும் என்பார்கள். நெடுஞ்சாலையில் 110 வேகத்தில் போனால் அது வராது. கோடையில் 100 கிலோமீட்டருக்கு 31 யூனிட் செலவாகும் என்று நான் வைத்துக்கொள்கிறேன், குளிர்காலத்தில் 40. பின்னால் டிரெய்லர் இழுத்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. டிரெய்லருடன் முதல் பயணம் வேண்டாம்.

திரையில் தெரியும் "மீதித் தூரம்" நீங்கள் கடைசியாக ஓட்டிய விதத்தைப் பார்த்துப் போடும் ஊகம். நகரத்துக்குள் மெதுவாக ஓட்டிவிட்டுப் பார்த்தால் ஆசை காட்டும். எல்லைக்கு அப்பால் பலகைகள் மைலுக்கு மாறும், காசும் அமெரிக்க டாலராகும். யூனிட் மட்டும் மாறாது. அதனால்தான் அதையே பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

படி 2: பாதையைத் துண்டுகளாக வெட்டுங்கள்

ஸ்கார்பரோவிலிருந்து ஃபோர்ட் ஈரி, எல்லையில் உள்ள பீஸ் பாலம் தாண்டி பஃபலோ. அங்கிருந்து ஐ-90 நெடுஞ்சாலையில் சிரக்கியூஸ், ஐ-81இல் பிங்காம்டன், ஸ்க்ரான்டன், அப்புறம் ஐ-380, ஐ-80, ஐ-287 வழியே பிரிட்ஜ்வாட்டர். மொத்தம் 800 கிலோமீட்டர் அளவில் வரும்.

80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் படுத்துவிடும், 10க்குக் கீழே போனால் மனம் படுத்துவிடும். ஆகவே நடுவில் உள்ள 70 சதவீதம், அதாவது 92 யூனிட்தான் ஒரு துண்டுக்கு, ஒரு சார்ஜிலிருந்து அடுத்த சார்ஜ் வரைக்கும். பஃபலோவிலிருந்து சிரக்கியூஸ் 240 கிலோமீட்டர், கோடையில் 75 யூனிட். தாராளமாகப் போகலாம். அதே துண்டு ஜனவரியில் 96 யூனிட் கேட்கும், பத்தாது. அப்போது நடுவில் ராச்செஸ்டரில் ஒரு தடவை நிறுத்த வேண்டும். சிரக்கியூஸிலிருந்து ஸ்க்ரான்டன் ஏறக்குறைய 210 கிலோமீட்டர், 65 யூனிட். பிங்காம்டன் தாண்டினால் மலைப் பாதை, ஏற்றத்துக்கு ஐந்து யூனிட் சேர்த்து வையுங்கள். இறக்கத்தில் கொஞ்சம் திரும்பி வரும்.

'ஏ பெட்டர் ரூட் பிளானர்' செயலியில் வண்டியின் மாடலைக் கொடுத்தால் இந்தக் கணக்கை அதுவே போட்டுத் தரும். அப்படியிருந்தும் ஒரு தடவை தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். வழியில் ஏதாவது மாறினால் அந்தப் பழக்கம்தான் உதவும்.

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இரண்டாவது ஒன்றைக் குறித்து வையுங்கள். எங்கள் முதல் பயணத்தில் 9 சதவீதத்தோடு ஒரு சார்ஜிங் நிலையத்தில் இறங்கினோம். நான்கு இயந்திரத்தில் இரண்டு செத்துக் கிடந்தன, மற்ற இரண்டுக்கும் வரிசை. பின் இருக்கையில் பிள்ளைகள் பசியோடு. ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம், ஏனென்றால் அடுத்த நிலையத்துக்குப் போகக் கரண்ட் இல்லை. இப்போதெல்லாம் முதல் நிலையம் வேலை செய்யாவிட்டால் இரண்டாவதுக்குப் போகும் அளவு மிச்சம் வைக்காமல் எந்தத் துண்டையும் தொடங்குவதில்லை. 'பிளக்‌ஷேர்' செயலியில் அன்றைக்கு அங்கே சார்ஜ் ஏற்றியவர்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டுத்தான் நிலையத்தையே தேர்ந்தெடுக்கிறேன்.

படி 3: வீட்டிலேயே முழுதாக நிரப்புங்கள்

ஒன்டாரியோவில் 2023இல் வந்த மிகக் குறைந்த இரவுக் கட்டணத் திட்டத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை கரண்ட் மலிவு. 40 ஆம்பியரில் ஏற்றினால் அந்த எட்டு மணி நேரத்தில் 77 யூனிட் வரை ஏறும். வண்டி 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஓர் இரவு போதாது, முந்தின இரவே தொடங்குங்கள். 100 சதவீதம் வைப்பது இந்த மாதிரி நாளுக்கு மட்டும்.

படி 4: அடாப்டரை உள்ளூரிலேயே ஒத்திகை பாருங்கள்

2024 பெப்ரவரி முடிவிலிருந்து ஃபோர்டு வண்டிகளுக்கு டெஸ்லா சூப்பர்சார்ஜர்கள், அதாவது டெஸ்லா நிறுவனத்தின் வேக சார்ஜிங் நிலையங்கள், திறந்துவிடப்பட்டன. அவர்களுடைய கேபிள் தலையை நம் வண்டிக்குப் பொருத்த ஓர் அடாப்டர் வேண்டும். பழைய வகை நிலையங்களில் வேலை செய்யாது. டெஸ்லா செயலியில் வேறு நிறுவன வண்டிக்கான பகுதியைத் திறந்தால் நமக்கு உதவுபவை மட்டும் காட்டும். மாதச் சந்தா கட்டினால் யூனிட் விலை குறையும். பயணம் போகும் மாதத்துக்கு மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திவிடலாம்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தில் ஒரு தடவை செய்து பாருங்கள். லைட்னிங்கின் சார்ஜ் வாய் முன்பக்கம் இடதில், சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கிறது. டெஸ்லாவுக்கோ பின்பக்கம் இடதில். கேபிளை அதற்கு அளவாகக் குட்டையாக வைத்திருக்கிறார்கள். ஆகவே மூக்கை முன்னால் விட்டு நிறுத்தி, நமக்கு இடதுபுறச் சார்ஜிங் தூணின் கேபிளை எடுக்க வேண்டிவரும். அதனால் இரண்டு இடம் பிடிபடும். வரிசையின் வலது கோடிக்கு அடுத்துச் சாதாரணத் தரிப்பிடம் இருந்தால் அங்கே நிறுத்துங்கள், மற்றவர்களுக்கு ஓர் இடம் மிஞ்சும். முன்சக்கரம் தடுப்புக்கட்டையை ஒட்டும் வரை மெதுவாக ஏற்றுங்கள், அரை அடி பின்னால் நின்றாலும் கேபிள் எட்டாது.

முதலில் கேபிள் தலையில் அடாப்டரைச் செருகுங்கள், "டக்" என்று சத்தம் வரும். பிறகு இரண்டையும் சேர்த்து வண்டியில் செருகி, தூணில் எழுதியுள்ள எண்ணைச் செயலியில் தட்டுங்கள். முடிந்ததும் முதலில் சார்ஜை நிறுத்திவிட்டு இரண்டையும் சேர்த்தே உருவுங்கள். அடாப்டரைக் கழற்றி வண்டிக்குள் வைத்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். தூணிலேயே விட்டுவிட்டால் அடுத்த ஊரில்தான் தெரியும்.

வண்டியின் வழிகாட்டியிலேயே சார்ஜிங் நிலையத்தைப் போட்டு ஓட்டுங்கள். போய்ச் சேருவதற்குள் பேட்டரியைப் பதமான சூட்டுக்குக் கொண்டுவந்து வைக்கும், குளிரில் இது பெரிய வித்தியாசம். 150 கிலோவாட் இயந்திரத்தில் 15இலிருந்து 80க்கு 41 நிமிடம் என்பது ஃபோர்டு சொல்லும் கணக்கு. சாப்பிட்டு, பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய் வர அது சரியாக இருக்கும்.

படி 5: தாள்களும் சாப்பாடும்

கனேடியக் குடியுரிமை உள்ளவர்களுக்குக் கடவுச்சீட்டு போதும். நிரந்தர வதிவிட அட்டையோடு இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டில் இருப்பவர்களுக்கு அமெரிக்க விசா வேண்டும், நாட்டுக்குள் நுழைவதைப் பதியும் ஐ-94 படிவமும் வேண்டும். அந்தப் படிவத்தை முன்கூட்டியே இணையத்தில் போட்டால் பாலத்தில் நேரம் மிச்சம். பிள்ளைகளோடு தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் போனால், மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் எடுத்துச் செல்லுங்கள். வண்டிக் காப்புறுதி அங்கேயும் செல்லும், மருத்துவக் காப்புறுதி தனியாக எடுக்க வேண்டும்.

சாப்பாட்டில் கவனம் வேண்டியது கறிவேப்பிலை. எலுமிச்சை, தோடை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி அதில் வாழும் என்பதால் பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். அம்மா செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்த ஒரு கட்டைப் பற்றி, அதிகாரி கேட்டவுடனேயே நான் சொல்லிவிட்டேன். எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். மறைத்திருந்தால் அபராதம். இறைச்சி, பழம், மரக்கறி எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

படி 6: பாலத்தில்

50 சதவீதத்துக்குக் குறையாமல் பாலத்துக்குப் போங்கள். வீட்டில் முழுதாக நிரப்பியிருந்தால் கோடையில் அது தானாகவே இருக்கும், குளிர்காலத்தில் வழியில் கொஞ்சம் ஏற்ற வேண்டிவரலாம். வரிசையில் நிற்பதைப் பற்றிப் பயம் வேண்டாம். கோடையில் ஏசி போட்டு ஒரு மணி நேரம் நின்றாலும் இரண்டு மூன்று யூனிட்தான். லைட்னிங்கில் இஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் 400 லிட்டர் பெட்டி உண்டு. அதிகாரி திறக்கச் சொல்லலாம். எப்படித் திறப்பது என்று முன்பே பழகிக்கொள்ளுங்கள், அவர் சொல்லும் வரை வண்டியை விட்டு இறங்காதீர்கள். பின்பெட்டியில் சாமான்களை மேலே தெரியும்படி அடுக்குங்கள்.

நியூயோர்க் த்ரூவே என்ற கட்டணச் சாலையில் காசு வாங்கும் சாவடி கிடையாது. கட்டணத்தைத் தானாகக் கழிக்கும் ஈ-இசட் பாஸ் கருவி வண்டியில் இருந்தால் மலிவு, இல்லாவிட்டால் இலக்கத்தகட்டைப் படமெடுத்துத் தபாலில் பில் வரும்.

படி 7: அங்கே போய்ச் சேர்ந்ததும்

பிளக் வடிவம் இரு நாட்டிலும் ஒன்றுதான். சாதாரண 120 வோல்ட் பிளக்கில் 12 மணி நேரத்தில் 16 யூனிட் ஏறும், ஊருக்குள் சுற்ற அது போதும். மின் அடுப்புக்குரிய 14-50 பிளக் கராஜில் இருக்கிறதா என்று முதலே கேட்டு வையுங்கள், இருந்தால் ஃபோர்டின் கையடக்கச் சார்ஜிங் கேபிளே செருகும். துணி உலர்த்தும் இயந்திரத்தின் பிளக் வேறு. அதில் ஏதாவது மாற்றி வைத்து 32 ஆம்பியர் இழுக்காதீர்கள், அந்த வயர் 30 ஆம்பியருக்குப் போட்டது. சொந்தக்காரர் வீட்டுச் சுவர் சூடாக விடக்கூடாது.

திரும்பும்போது பஃபலோவில் 70 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை பாலத்திலும், அங்கிருந்து டொராண்டோ பக்கம் வரும் கியூஇடபிள்யூ நெடுஞ்சாலையிலும் எவ்வளவு நேரம் போகும் என்று சொல்ல முடியாது. 24 மணி நேரம் அங்கே இருந்தால் ஆளுக்கு 200 கனேடிய டாலர், 48 மணி நேரத்துக்கு மேல் என்றால் 800 டாலர் வரை வாங்கிய சாமானுக்கு வரி இல்லை. பில்களை ஒரு உறையில் போட்டுக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். இரவு 11 மணிக்கு முன் வீடு வந்தாலும், வண்டியைச் செருகிவிட்டு நேரக்கட்டுப்பாட்டை 11க்கு வைத்துவிட்டுப் படுக்கலாம்.