மினி ஹைட்ரோ வரப்போகும் ஆற்றில் மீனுக்கு என்ன ஆகும்? நீங்களே பார்த்துச் சொல்லலாம்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியின் மூன்றாவது மாடித் தம்பி ஒருவன் தூண்டில் பைத்தியம். போன மாதம் லிஃப்டில் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நாங்க போற ஆத்துல மினி ஹைட்ரோ வரப்போகுதாம். அதோட சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை அறுநூறு பக்கம் இருக்கு. எங்கிருந்து படிக்கிறது?"

சில வருடம் ஓர் ஆலோசனை நிறுவனத்துக்கு வலை சுமந்த அனுபவம் எனக்கு உண்டு. அங்கே கற்றது இதுதான்: அறிக்கையில் எல்லாரும் முதலில் தேடுவது மீன் பட்டியலை. அதைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்கவேண்டியது தண்ணீர் இல்லாமல் போகப்போகும் துண்டு ஆறு.

படி 1: வரைபடத்தில் மூன்று புள்ளி

மினி ஹைட்ரோ என்றால் பெரிய சுவரும் ஏரியும் என்று நினைக்கவேண்டாம். பெரும்பாலும் மேலே ஒரு சிறிய தடுப்பணை இருக்கும். அங்கே தண்ணீரைக் குழாய்க்குள் திருப்பி, மலைச்சரிவில் பல கிலோமீட்டர் இறக்கி, கீழே டர்பைனைச் சுற்றவிட்டு மறுபடி ஆற்றில் விடுவார்கள். ஆகவே தடுப்பணை, மின்நிலையம், தண்ணீர் திரும்பச் சேரும் இடம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் புள்ளிக்கும் மூன்றாம் புள்ளிக்கும் நடுவே உள்ள ஆற்றின் நீளத்தை அளங்கள். "இயற்கை ஓட்டத்தைப் பயன்படுத்தும் திட்டம், நீர்த்தேக்கமே இல்லை" என்று அறிக்கை பெருமைப்படும் இடத்தில்தான் இந்தத் துண்டு ஒளிந்திருக்கும். அப்புறம், அதே ஆற்றில் மேலேயோ கீழேயோ வேறு திட்டம் இருக்கிறதா என்றும் தேடுங்கள். ஒன்று தனியாகப் பார்த்தால் சின்னதாகத் தெரியும். நாலு திட்டம் சேர்ந்தால் அந்த ஆறே படிக்கட்டுபோல ஆகிவிடும்.

படி 2: ஒரு கணக்கு

மின்திறன் (கிலோவாட்) = 8.3 × நீரின் அளவு (வினாடிக்குக் கன மீட்டர்) × உயரம் (மீட்டர்). புவியீர்ப்பு 9.81-ஐ 85 சதவீதத் திறனால் பெருக்கினால் அந்த 8.3 வரும்.

5 மெகாவாட் திட்டம், தண்ணீர் விழும் உயரம் 120 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 5000-ஐ 8.3 × 120 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5. முழுத் திறனில் ஓட வினாடிக்கு 5 கன மீட்டர் தண்ணீர் வேண்டும். இந்த எண்ணைப் பேனாவால் கையில்கூட எழுதிக்கொள்ளுங்கள், இனி எல்லாவற்றையும் இதோடுதான் ஒப்பிடப்போகிறோம்.

படி 3: ஆற்றில் இறங்கி அளப்பது

அளந்து பழக வெகுதூரம் போகவேண்டாம். மஸ்ஜிட் ஜாமிக் அருகே கிள்ளான் ஆற்றோடு சேரும்போது சோர்ந்துபோய்த் தெரிகிற அதே கோம்பாக் ஆறு, பழைய பெந்தோங் சாலையில் மேலே போகப்போகத் தெளிந்து, பாறையில் துள்ளி ஓடும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வு நிலையமும் அந்த உலு கோம்பாக்கில்தான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே 'கெப்பாலா ஆயர்' என்னும் திடீர் வெள்ளம் வரும். தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ இலைதழைகள் கூட்டமாக மிதந்து வந்தாலோ அளவுகோலைப் போட்டுவிட்டுக் கரையேறுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

தேவையானவை: அளவு நாடா, மீட்டர் குறித்த கம்பு, கைபேசிக் கடிகாரம், நாலைந்து மண்டரின் ஆரஞ்சு. சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாளான சாப் கோ மே இரவில் பெண்கள் நல்ல மாப்பிள்ளை வேண்டி ஆரஞ்சு வீசுவார்கள். நமக்கு வேகம் தெரிந்தால் போதும். ஆரஞ்சு ஏன் என்றால் அது முக்கால்வாசி மூழ்கித்தான் மிதக்கும், காற்று அதைத் தள்ளாது.

வளைவில்லாத ஒரு பகுதியில் கரையோரமாக 10 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் கல் வையுங்கள். ஆற்றின் அகலத்தை அளங்கள். குறுக்கே நடந்து சம இடைவெளியில் ஐந்து இடத்தில் ஆழம் பாருங்கள். நாங்கள் ஒருமுறை பார்த்தபோது அகலம் 6 மீட்டர். ஆழம் 20, 40, 60, 50, 30 சென்டிமீட்டர். சராசரி 40. ஆக, குறுக்குப் பரப்பு 6 × 0.4 = 2.4 சதுர மீட்டர். ஆரஞ்சு 10 மீட்டரைக் கடக்க 19, 20, 21 வினாடி. சராசரி 20, வேகம் வினாடிக்கு அரை மீட்டர். மேல்மட்டம் அடிமட்டத்தைவிட வேகமாக ஓடும் என்பதால் 0.85 ஆல் பெருக்கவேண்டும்: 0.425. இதை 2.4 ஆல் பெருக்கினால் வினாடிக்கு 1.02 கன மீட்டர்.

திட்டம் வரும் ஆற்றிலும் இப்படித்தான். அங்கே வறட்சியில் உங்களுக்குக் கிடைத்தது 1, திட்டம் கேட்பது 5 என்றால் என்ன அர்த்தம்? இருக்கிற அத்தனையையும் குழாய்க்குள் விட்டாலும் டர்பைன் முழுசாகச் சுற்றாது. ஆற்றுக்கு மிச்சம் விட யாருக்கு மனசு வரும்?

மேற்குக் கரையில் உள்நாட்டுப் பகுதிகளில் பொதுவாக ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பரில் மழை அதிகம். பிப்ரவரியிலும் ஜூன்-ஜூலையிலும் குறைவு. குறைந்தது இரண்டு பருவத்திலும் அளக்கவேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் அறிக்கையில், பெயர் வேண்டாம், அளவெடுத்தது பெருமழைக்கு மறுநாள். ஆறு கரைபுரண்டு ஓடிய அந்த ஒரு நாளை வைத்து 'நீர்வளம் நிறைந்தது' என்று எழுதிவிட்டார்கள்.

படி 4: ஆற்றை நடந்து படிப்பது

அந்தத் துண்டு ஆற்றை முடிந்தவரை நடந்து பாருங்கள். 100 மீட்டருக்கு ஒரு தடவை நின்று நோட்டில் எழுதுங்கள்: இது ஜெராமா, லூபோக்கா? பாறையில் நுரைத்து ஓடும் ஆழமில்லாத இடம் ஜெராம். அமைதியான மடு லூபோக். தண்ணீர் குறைந்தால் முதலில் சாவது ஜெராம். பாறையில் உறிஞ்சி ஒட்டிக்கொண்டு வாழும் விரல் நீள மீன்களுக்கு வேறு வீடு கிடையாது. லூபோக் கடைசிவரை தண்ணீர் வைத்திருக்கும், ஆனால் தனித்தனிக் குட்டையாகி, வெந்நீராகி, வலை வைத்திருப்பவனுக்குக் கொண்டாட்டமாகிவிடும்.

பிறகு கல்லைத் தூக்கிப் பாருங்கள். உள்ளங்கை அளவுக் கூழாங்கல் ஒன்றை எடுங்கள். சுலபமாக வந்து, அடியில் பூச்சிகள் ஓடினால் நல்ல படுகை. பாதி புதைந்து, இழுத்ததும் பழுப்பு மேகம் எழுந்தால் இடுக்கெல்லாம் வண்டல் அடைத்துவிட்டது. அதில் முட்டைக்கு மூச்சு கிடையாது. இன்றைய நிலையைப் படத்தோடு பதிந்து வையுங்கள். நாளை சாலை வெட்டும்போது மண் சரிந்தால் "முன்பே அப்படித்தான் இருந்தது" என்பார்கள். வண்டல் சாதாரண விஷயமில்லை. கேமரன் மலையின் ரிங்லெட் நீர்த்தேக்கம் 1963-ல் வந்தது, வண்டலோடு மல்லுக்கட்டுவது இன்னும் ஓயவில்லை.

கரை மரங்களையும் எழுதுங்கள். ஆற்றின்மேல் சாய்ந்து நிற்கும் நேராம் மரமும் அத்தியும் வெறும் நிழல் அல்ல. விழும் பழம் கெலா என்னும் ஆற்று மீனுக்குச் சாப்பாடு.

படி 5: இப்போது மீன்

நீங்களே வலை போடவேண்டாம், அனுமதி தேவைப்படும். மின்சாரம் பாய்ச்சிப் பிடிப்பதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தூண்டில்காரர்கள், அங்கே வாழும் ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் இவர்களிடம் "என்ன மீன் இருக்கிறது" என்று கேட்டால் பெயர்ப் பட்டியல்தான் வரும். "எந்த மாதம், எந்த லூபோக்கில், எந்தப் பக்கம் போகும்" என்று கேளுங்கள். கெலா மழைத் தண்ணீருக்கு மேல்நோக்கி ஏறி, சரளை உள்ள ஓட்டத்தில் முட்டையிடும் மீன். அது ஏறும் வழியில் தடுப்பணை வருகிறதா என்பதுதான் கேள்வி.

அறிக்கையின் பட்டியலை இப்போது எடுங்கள். 'பத்துக்கும் மேற்பட்ட இனங்கள்' என்று இருந்தால் அதில் திலாப்பியாவும் பண்டாராயா மீனும் எத்தனை என்று பாருங்கள். ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் செய்யும் என்று பெயர் வாங்கிய அந்த வெளிநாட்டு மீன் எங்கேயும் வாழும். "அணை வந்தால் மீன் பெருகும்" என்பதும் அரை உண்மை. தோமான், செபாரா போன்ற மீன்கள் ஏரியில் பிழைத்துக்கொள்ளும். கெலாவுக்கு ஓடுகிற ஆறு வேண்டும். அணையால் உருவான கென்யிர் ஏரியில்கூடக் கெலா சரணாலயம் இருப்பது ஏரியில் வந்து விழும் பெத்தாங் ஆற்றில்தான்.

படி 6: வாக்குறுதிகளைத் தட்டிப் பார்ப்பது

'ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் 10 சதவீதம் ஆற்றில் விடப்படும்' என்று எழுதியிருக்கிறதா? அமெரிக்காவின் குளிர்நாட்டு ஆறுகளைப் பார்த்து டெனன்ட் என்ற ஆய்வாளர் 1976-ல் வெளியிட்ட அளவுகோலிலேயே 10 சதவீதம் என்பது மீன் கொஞ்ச காலம் உயிர் பிழைக்கும் அளவு, அவ்வளவுதான். 30 சதவீதம்தான் சுமாரான வாழ்க்கை. நம் ஆறுகளுக்கு அது பொருந்துமா என்பது வேறு விவாதம். அந்த 10 சதவீதத்தில் ஜெராமில் எத்தனை சென்டிமீட்டர் ஆழம் மிஞ்சும் என்று கேளுங்கள். அதை யார், எந்தக் கருவியில் தினமும் அளப்பார்கள் என்றும் கேளுங்கள். டர்பைனை மாலையில் மட்டும் ஓட்டும் எண்ணம் இருந்தால், மின்நிலையத்துக்குக் கீழே தினமும் ஏறி இறங்கும் தண்ணீரில் குஞ்சுகள் கரையில் மாட்டிக்கொள்ளும்.

'மீன் ஏணி (மீன்கள் அணையைத் தாண்டி ஏற உதவும் படிகள்) அமைக்கப்படும்' என்றால் தாய்லாந்தின் பாக் மூன் அணையை நினையுங்கள். 1994-ல் மீன் ஏணியோடு கட்டினார்கள். சால்மன்போலத் துள்ளத் தெரியாத மேகோங் மீன்களுக்கு அது உதவவில்லை. 2001-ல் மதகுகளைத் திறந்துவிட்ட பிறகுதான் மீன்கள் மேலே வந்தன.

படி 7: எழுதி அனுப்புவது

தீபகற்ப மலேசியாவில் 2015 சுற்றுச்சூழல் ஆணையின் இரண்டாம் அட்டவணையில் வரும் திட்டங்களின் அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்படும், கருத்தும் கேட்கப்படும். முதல் அட்டவணைத் திட்டங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எந்த அட்டவணை என்று முதலில் ஜபாத்தான் ஆலாம் செக்கித்தாரிடம் (சுற்றுச்சூழல் துறை) கேட்டுக்கொள்ளுங்கள். கடிதம் இரண்டு பக்கம் போதும். "ஆற்றைக் காப்பாற்றுங்கள்" என்று தொடங்கவேண்டாம்; "பக்கம் இத்தனையில் இப்படி எழுதியுள்ளீர்கள், இந்தத் தேதியில், இந்த இடத்தில் நாங்கள் அளந்தது இது" என்று தொடங்குங்கள். படம், இடக்குறி, அளந்த எண்கள் எல்லாவற்றையும் இணையுங்கள்.

தம்பி இரண்டு சனிக்கிழமை போய்விட்டு வந்தான். நோட்டு ஈரத்தில் ஊறியிருந்தது, எண்கள் தெளிவாக இருந்தன. மூன்று ஆரஞ்சு பாறையில் மாட்டிக்கொண்டதாம். மறுபடி ஒரு கிலோ வாங்கவேண்டும் என்றான்.