ஹைஸ்கூல் ஃபுட்பாலில் இருந்து காலேஜுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சாஸில் ஆகஸ்ட் கடைசி வந்துவிட்டால் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு யாரும் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. அன்றைக்குத்தான் பள்ளி அணிகளின் ஃபுட்பால்; நம்ம ஊர் கால்பந்து இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால். டாலஸுக்கு வடக்கே ஆலன் ஊரில் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் இருக்கிறது. 2012-இல் சுமார் 6 கோடி டாலர் செலவில் கட்டியது. அது ஒரு பள்ளிக்கூடத்து அணிக்காக!

இந்தப் பக்கத்தில் ஒரு பள்ளியின் பூஸ்டர் கிளப்பில், அதாவது அணிக்கு ஆதரவு தரும் குழுவில், பல வருஷமாக இருக்கிறேன். பையன் நன்றாக ஆடுகிறான் என்று தெரிந்ததும் பெற்றோர் எங்களிடம்தான் முதலில் வருகிறார்கள். நம்மவர் குடும்பங்களும் இப்போது அதில் உண்டு. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த அப்பா அம்மாவுக்கு இந்த ஆட்டமே புதிது. காலேஜ்கள் ஆள் எடுக்கும் முறை அதைவிடப் புதிது. அதனால் ஒவ்வொரு சீசனிலும் அதே தவறுகள் திரும்பி வருகின்றன.

சோஷியல் மீடியாவில் கண்டதை எழுதாதே, கோச்சோடு மல்லுக்கு நிற்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

கேம்ப் கடிதத்தை ஆஃபர் (அணியில் ஸ்காலர்ஷிப்போடு இடம் தருகிறோம் என்பது) என்று நினைப்பது

ஒன்பதாவது படிக்கும் பையனுக்குப் பெரிய யூனிவர்சிட்டியின் சின்னம் போட்ட கடிதம் வருகிறது. உள்ளே கோடைக்கால கேம்புக்கு அழைப்பு. வீட்டில் எல்லோருக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். கேம்ப் விளம்பரத்தையும் விவரம் கேட்கும் படிவத்தையும் காலேஜ்கள் எந்த வயதுப் பையனுக்கும் அனுப்பலாம், விதி தடுப்பதில்லை. ஆள் எடுப்பதற்கான கடிதமும் மெசேஜும் பத்தாம் வகுப்பு முடிந்த பிறகுதான் அனுப்ப முடியும். அதற்கு முன்னால் வருவதில் பெரும்பாலானவை பணம் கட்டிக் கலந்துகொள்ளும் கேம்புக்கான அழைப்புகள்தான்.

கேம்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. பையன் ஆடும் பொசிஷனுக்கான கோச் அவன் பெயர் தெரிந்து, அவன் வீடியோவைப் பார்த்துவிட்டு அழைத்தால் போகலாம். அப்படி யாரும் அழைக்காத இடத்துக்கு விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

வாயால் சொல்லும் ஆஃபருக்கும் இதுதான் கதை. அது காலேஜையும் கட்டுப்படுத்தாது, பையனையும் கட்டுப்படுத்தாது. காலேஜோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்து கையெழுத்து போடும் நாள்தான் கணக்கு. 2017-இல் இருந்து அது டிசம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. பிப்ரவரி வரை காத்திருப்பவர்களுக்கு மிச்சம் இருக்கும் இடம் குறைவு.

ட்ரான்ஸ்கிரிப்டை (ஹைஸ்கூல் மதிப்பெண் பட்டியலை) சீனியர் ஆண்டில்தான், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில்தான், எடுத்துப் பார்ப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லாத பையன்கள் இதில்தான் விழுகிறார்கள். முன்னாலேயே யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருந்தால் தடுத்திருக்கலாம். அதனாலேயே இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

டெக்சாஸில் 1984-இல் வந்த ஒரு சட்டத்தால், பாஸ் ஆகாதவன் ஆட முடியாது. பொதுவாக எல்லாப் பாடத்திலும் 70 வேண்டும். பையன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் களத்தில் இறங்குகிறான், ஆகவே படிப்பு சரியாகத்தான் போகிறது என்று பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். ஆனால் அது பள்ளி ஆட்டத்துக்கான விதி. காலேஜ் விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது.

காலேஜ் ஆட்டத்தின் மேல்நிலையான டிவிஷன் 1-இல் முதல் வருஷமே ஆட வேண்டுமென்றால் 16 கோர் பாடங்கள் (என்.சி.ஏ.ஏ. ஏற்கும் அடிப்படைப் பாடங்கள்) முடித்திருக்க வேண்டும். ஆங்கிலம் 4 வருஷம். கணிதம் 3 வருஷம், அதுவும் அல்ஜீப்ரா 1-இல் இருந்து மேலே. அறிவியல் 2, சமூக அறிவியல் 2, மீதி மற்ற கோர் பாடங்கள். இவற்றில் மட்டும் ஜி.பி.ஏ., அதாவது நான்குக்குக் கணக்கிடும் கிரேடு சராசரி, 2.3 இருக்க வேண்டும். விளையாட்டு வகுப்பு, சமையல், வெல்டிங் இதிலெல்லாம் வாங்கிய ஏ எதுவும் சேராது. பல பள்ளிகளில் 70 முதல் 79 வரை சி, சி-க்கு 2.0. எல்லாவற்றிலும் எழுபத்தைந்து வாங்கிய பையன் நான்கு வருஷமும் தடையில்லாமல் ஆடிவிட்டு, கடைசியில் 2.3-க்குக் கீழே நிற்பான்.

பலர் கேள்விப்படாத விதி இன்னொன்று உண்டு. 16-இல் 10 பாடங்கள் சீனியர் ஆண்டு தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்த 10-இல் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். அந்தப் பாடங்களின் கிரேடு அதோடு பூட்டப்பட்டுவிடும். அப்புறம் திரும்ப எழுதி உயர்த்த முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் தடுப்பு வரிசையின் ஓரத்தில், டிஃபென்சிவ் எண்டாக ஆடினான். நீளமான கை, முதல் அடியிலேயே எதிராளியைத் தாண்டிவிடும் வேகம். பத்தாம் வகுப்பில் ஜியாமெட்ரி போய்விட்டது. "ஹைஸ்கூல் முடிக்கத்தானே வேணும், கடைசி வருஷம் ஆன்லைன்ல முடிச்சுக்கலாம்" என்று பள்ளியில் சொன்னார்கள். ஹைஸ்கூல் முடிப்பதைப் பொறுத்தவரை அது உண்மைதான். அவனுக்கு டிவிஷன் 1 காலேஜ் ஒன்று ஆஃபர் சொல்லியிருந்தது. சீனியர் ஆண்டில் அதன் கோச் வந்து ட்ரான்ஸ்கிரிப்டைக் கேட்டார். காகிதத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக எண்ணினார், மறுபடியும் எண்ணினார். ஒன்பது. இனி 16-ஐயும் முடித்தால்கூட முதல் வருஷம் பயிற்சி மட்டும்தான், ஆட்டம் கிடையாது. அப்படி ஒரு வருஷம் காத்திருக்க அந்தக் காலேஜ் தயாராக இல்லை. ஸ்காலர்ஷிப் வேறு பையனுக்குப் போனது. இவன் கேன்சஸில் ஒரு ஜூனியர் காலேஜுக்கு (இரண்டு வருஷப் படிப்பு மட்டும் உள்ள காலேஜ்) போனான். அவன் அம்மா என்னிடம் கேட்டது இதுதான்: "பத்தாவதுலயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?"

அந்த ஆன்லைன் பாடமும் எடுபட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். ஆசிரியரோடு தொடர்பே இல்லாமல் க்ளிக் செய்து முடிக்கும் பாடங்களை என்.சி.ஏ.ஏ. ஏற்பதில்லை. எந்தப் பள்ளியில் எந்தப் பாடம் செல்லும் என்ற பட்டியல் அவர்கள் இணையதளத்தில் இருக்கிறது. பள்ளியின் பெயரைப் போட்டால் வந்துவிடும்.

ஒன்பதாம் வகுப்பிலேயே அந்தப் பட்டியலையும் பையனின் பாடத் தேர்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எட்டாம் வகுப்பில் எடுத்த அல்ஜீப்ரா 1 ஹைஸ்கூல் ட்ரான்ஸ்கிரிப்டில் ஏறியிருந்தால் அதுவும் கணக்கில் வரும். பள்ளியில் பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் கவுன்சிலரிடம் "என் பையன் பாஸ் ஆகிவிடுவானா" என்று கேட்காதீர்கள். "என்.சி.ஏ.ஏ. கணக்கில் இதுவரை எத்தனை கோர், அதில் ஜி.பி.ஏ. எவ்வளவு" என்று கேளுங்கள். பதில் காகிதத்தில் வரட்டும். நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கும் கவுன்சிலர் தானாகவே இதை எண்ணிச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. இன்னொன்று: 2023-இல் இருந்து என்.சி.ஏ.ஏ. தகுதிக்கு எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. என்ற காலேஜ் நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண் தேவையில்லை. முன்பு ஜி.பி.ஏ. குறைந்தால் நல்ல தேர்வு மதிப்பெண் கைகொடுக்கும். அந்த வழி இப்போது இல்லை.

கோச்சுக்கு அனுப்பும் ஹைலைட் வீடியோவில் நல்ல ப்ளேயை (ஆட்டத் துணுக்கை) கடைசியில் வைப்பது

முதலில் வையுங்கள்.

கோச்சுக்கு அப்பா எழுதும் மெயில்

பையனே எழுதட்டும்.

நட்சத்திரத்தை மட்டும் எண்ணுவது

ரேட்டிங் தளங்கள் தரும் இரண்டு, மூன்று, நான்கு நட்சத்திரங்களைப் பார்த்து மனம் உடைகிறவர்கள் நிறைய. கலிபோர்னியாவின் ஃபயர்பா என்ற சின்ன ஊரில் ஆடிய ஜாஷ் ஆலனுக்கு ஹைஸ்கூல் முடிக்கும்போது டிவிஷன் 1 ஆஃபர் ஒன்றுகூட இல்லை. ரீட்லி என்ற ஜூனியர் காலேஜில் ஆடி, அங்கிருந்து கோச்சுகளுக்கு மெயில் மேல் மெயில் அனுப்பி, வயோமிங் யூனிவர்சிட்டிக்குப் போனார். தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் 2018 என்.எஃப்.எல். டிராஃப்டில் ஏழாவதாக எடுக்கப்பட்டார். எல்லோருக்கும் இப்படி நடக்காது. ஆனால் ஆளை எடுப்பது கோச்தான், ரேட்டிங் தளம் இல்லை.

டிவிஷன் 3 (என்.சி.ஏ.ஏ.வின் கீழ்நிலை) என்றால் முகம் சுளிப்பது

அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. ஹார்வர்ட், யேல் போன்றவை ஆடும் ஐவி லீகிலும்தான் கிடையாது. ஆனால் இரண்டு இடத்திலும் வருமானத்தைப் பார்த்துப் பண உதவி தருகிறார்கள். டிவிஷன் 3 காலேஜ்கள் பலவற்றில் படிப்புக்காகவும் உதவித்தொகை உண்டு. மதிப்பெண் நன்றாக உள்ள பையனுக்குப் பெரிய அணியில் இடம் மட்டும் கிடைத்து, முழுக் கட்டணத்தையும் நீங்களே கட்டுவதைவிட இது மலிவாக முடியலாம். இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பழைய கணக்கை நம்பியிருப்பது

பெரிய அணிகளில் 85 ஸ்காலர்ஷிப், அதற்கு மேல் வாக்-ஆன் பையன்கள் (ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் சேர்பவர்கள்) எத்தனை பேர் வேண்டுமானாலும் என்பது முந்தைய நிலை. என்.சி.ஏ.ஏ. மீது காலேஜ் வீரர்கள் போட்ட வழக்கில் 2025-இல் நீதிமன்றம் ஒப்புதல் தந்த உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த காலேஜ்களில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. அணிக்கே 105 பேர் என்ற வரம்பு வந்துவிட்டது. வாக்-ஆனாகச் சேர்ந்து மெல்ல மேலே வரலாம் என்ற வழி அங்கே குறுகிவிட்டது.

போதாததற்கு, காலேஜ் மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-இல் தொடங்கிவிட்டது. உடம்பு முழுதாக வளர்ந்து, காலேஜ் ஆட்டம் ஆடிப் பழகிய இருபத்தோரு வயதுக்காரன் அங்கே கிடைக்கும்போது, பதினேழு வயதுப் பையனுக்காகக் காத்திருக்கக் கோச்சுக்கு அவசரம் இல்லை. அதனால் ஆஃபர் சொன்ன கோச்சிடம் பையன் நேராகக் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: இந்த வருஷம் என் பொசிஷனுக்கு ஹைஸ்கூலில் இருந்து எத்தனை பேர் எடுக்கிறீர்கள்? போர்ட்டலில் இருந்து எத்தனை பேர்? நான் எத்தனையாவது இடத்தில் இருக்கிறேன்? கோச் மழுப்பினால் மற்ற காலேஜ்களுக்கு எழுதுவதை நிறுத்தாதீர்கள்.