பால்குடிப் பிள்ளையின் வாயில் அக்கரம்: மருந்து கொடுக்கும் முறையும் இரவுகளைக் கடக்கும் வழியும்

பிள்ளை மார்பைக் கவ்வி இரண்டு மிடறு குடித்ததும் வீரிட்டு அழுது தலையைத் திருப்பிக்கொள்வதும், பசி தாங்காமல் மீண்டும் தேடுவதும், மீண்டும் அழுவதுமாக ஓர் இரவு கழிந்திருந்தால், விடிந்ததும் முதல் வேலையாக யன்னல் வெளிச்சத்தில் அதன் வாயைத் திறந்து பாருங்கள். நாக்கின் மேல் மட்டும் மெல்லிய வெள்ளை படிந்திருந்து, ஈரத் துணியால் ஒற்றியவுடன் அது போய்விட்டால், அது பால் படிவுதான். உட்கன்னத்திலும் முரசிலும் உதட்டின் உட்புறத்திலும் தயிர்த் துணுக்குப் போன்ற வெண்திட்டுகள் ஒட்டியிருந்து, ஒற்றினாலும் அகலாவிட்டால், அது பெரும்பாலும் அக்கரம். அதைச் சுரண்டக் கூடாது. சுரண்டிய இடம் சிவந்து இரத்தம் கசியும், பிள்ளைக்கு வலி இன்னும் கூடும்.

கண்டிடா என்னும் பங்கசு (பூஞ்சை) அளவுக்கு மீறிப் பெருகுவதே இதற்குக் காரணம். அந்தப் பங்கசு நம் எல்லோருடைய உடலிலும் இருப்பதுதான். நோயெதிர்ப்பு இன்னும் முதிராத பிள்ளையின் வாயில், அதுவும் தாயோ பிள்ளையோ அன்ரிபயோட்டிக் மருந்து எடுத்த பிறகு, அது எளிதாக ஓங்கிவிடுகிறது. ஆகவே இதைத் தாயின் சுத்தக் குறைவு என்று யாரும் சொன்னால் அதை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். பங்கசுக்குச் சூடும் ஈரமும் பிடிக்கும் என்பது மட்டும் உண்மை. திருகோணமலையில் கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் மாதங்களில் உள்ளாடை வியர்வையில் ஊறிக் கிடக்கிறது. வாடைக்கால மழையில் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. இரண்டு காலத்திலும் கவனம் வேண்டும்.

வைத்தியரிடம் அல்லது கிளினிக்கில் காட்டி மருந்து எழுதி வாங்குங்கள். சிறு பிள்ளைகளுக்குப் பொதுவாகக் கொடுப்பது நிஸ்டாட்டின் என்ற திரவ மருந்து. ஒரு மில்லிலீற்றரில் 100,000 அலகு கொண்ட அதை, வைத்தியர் எழுதிய அளவில், நாளுக்கு நான்கு தடவை, பால் குடித்து முடித்த பிறகு கொடுக்க வேண்டும். இந்த மருந்து வயிற்றுக்குப் போய் வேலை செய்வதில்லை, பட்ட இடத்தில்தான் வேலை செய்கிறது. அதனால் போத்தலை நன்றாகக் குலுக்கி, துளிகுழாயில் எடுத்து, பாதியை ஒரு கன்னத்தின் உட்புறத்திலும் மீதியை மறு கன்னத்திலும் மெதுவாக விட்டு, திட்டுகளின் மேல் படும்படி செய்ய வேண்டும். தொண்டைக்குள் நேராக விட்டால் பிள்ளைக்குப் புரைக்கேறும், மருந்தும் வீணாகும். கொடுத்த பின் ஐந்து, பத்து நிமிடமாவது பால் கொடுக்காமல் இருங்கள். மைக்கோனசோல் ஜெல் சில வீடுகளில் மிச்சமிருக்கும். அது பிசுபிசுப்பாகத் தொண்டையை அடைக்கக்கூடியது என்பதால் நான்கு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு உகந்ததல்ல, பெரிய பிள்ளைக்கும் வைத்தியரைக் கேட்காமல் பூச வேண்டாம்.

என் மூத்த பிள்ளைக்கு மூன்றாம் நாளே வாய் சுத்தமாகிவிட்டதைக் கண்டு நான் மருந்தை நிறுத்திவிட்டேன். ஒரு கிழமைக்குள் திட்டுகள் முன்னிலும் அதிகமாகத் திரும்பி வந்தன. கண்ணுக்குத் தெரியும் வெள்ளை மறைந்த பிறகும் குறைந்தது இரண்டு நாள் தொடர வேண்டும் என்பதை அந்தப் பிள்ளையின் அழுகையிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்துத் தாயை விட்டுவிட்டால் பங்கசு இருவருக்கும் இடையில் மாறி மாறிப் போய்வரும். அதனால் பிள்ளைக்கு மருந்து எழுதும்போதே உங்கள் மார்பையும் காட்டி, முலைக்காம்பில் பூசும் பங்கசு எதிர்ப்புக் கிறீம் வேண்டுமா என்று கேளுங்கள்; தந்தால், ஒவ்வொரு தடவை பாலூட்டிய பின்னும் மெல்லியதாகப் பூசி, அடுத்த தடவைக்கு முன் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் துடைத்துவிடலாம். அதுவரை வலியில்லாமல் பாலூட்டிவந்த தாய்க்கு இரண்டு முலைக்காம்பிலும் திடீரென எரிவு தொடங்கி, பாலூட்டி முடித்த பின்னும் நீடித்தால் பங்கசை நினைக்கலாம். ஆனால் முலைக்காம்பு வலிக்கு மிகப் பொதுவான காரணம் பிள்ளை சரியாகக் கவ்வாததுதான். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் (மருத்துவிச்சி) வீட்டுக்கு வரும்போது, நீங்கள் பாலூட்டுவதை ஒரு தடவை முழுவதும் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை, அவர் பார்க்க வருவதே அதற்காகத்தான். ஒரு மார்பு மட்டும் சிவந்து, இறுகி, காய்ச்சலும் வந்தால் அது வேறு நோய், அன்றே வைத்தியரைக் காண வேண்டும்.

சூப்பி, பால் பிழியும் கருவி, பிள்ளை வாயில் வைக்கும் விளையாட்டுப் பொருள் எல்லாவற்றையும் கழுவி, கொதிக்கத் தாங்குவனவற்றை நாள்தோறும் கொதிநீரில் போட்டெடுங்கள். உள்ளாடையையும் துவாயையும் சூடான நீரில் துவைத்து வெயிலில் காயவிடுங்கள். பிள்ளையின் அரையிடுக்கில் சிவந்து, ஓரங்களில் சிறு பருக்கள் தெரிந்தால் அங்கேயும் பங்கசு பரவியிருக்கலாம். அதையும் வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்து பூசும் முன்னும் பின்னும், துணி மாற்றிய பின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

அக்கரத்துக்குத் தேன் தடவுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தேன் கொடுக்கவே கூடாது; அதில் இருக்கக்கூடிய ஒரு வகை நுண்ணுயிர் நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நஞ்சை உண்டாக்கவல்லது. வாயில் பூசும் ஊதா நிற மருந்தும் வேண்டாம், அது வாயைப் புண்ணாக்கக்கூடும். ஆறு மாதம் வரை, கச்சான் எவ்வளவு காய்ந்தாலும், கொதித்தாறிய நீரும் தேவையில்லை. முக்கியமாக, தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

இரவைப் பற்றி. வாய் நோவதால் பிள்ளை வயிறு நிறையக் குடிப்பதில்லை, அதனால் அடிக்கடி விழிக்கிறது. மருந்து பிடிக்கத் தொடங்கும் வரை சில நாட்களுக்கு இதை மாற்ற முடியாது, அந்த நாட்களைத் தாயின் உடல் உடையாமல் கடப்பதே நோக்கமாக இருக்க வேண்டும். மருந்து வேளைகளைக் காலை ஆறு, பகல் பதினொன்று, பின்னேரம் நான்கு, இரவு ஒன்பது என்று அமைத்துக்கொண்டால் மருந்துக்காக உறங்கும் பிள்ளையை எழுப்ப நேராது. எரிவு குறைந்த பக்கத்தை முதலில் கொடுங்கள். அதற்கு முன் கையால் சில துளிகள் பிழிந்து பால் இறங்கத் தொடங்கிவிட்டால், பிள்ளை வலித்து இழுக்க வேண்டியிராது. தாங்க முடியாத வலிக்குத் தாய் பரசிற்றமோல் எடுக்கலாம், பாலூட்டுவதற்கு அது தடையில்லை; பிள்ளைக்கோ வைத்தியர் நிறை பார்த்துச் சொன்னாலன்றிக் கொடுக்கக் கூடாது.

பாலூட்டுவது மட்டுமே தாயால்தான் ஆக வேண்டியது. ஏவறை எடுப்பதும், துணி மாற்றுவதும், தோளில் போட்டு நடப்பதும் வீட்டிலுள்ள எவருக்கும் முடியும். அந்த நாட்களில் என் அம்மா விடிகாலை நான்கு மணிக்கு, பால் குடித்து முடித்த பிள்ளையை என் கையிலிருந்து வாங்கி, "நீ கொஞ்சம் படு பிள்ளை, நான் பாக்கிறன்" என்று சொல்லி, கடற்காற்று வரும் விறாந்தைக்குக் கொண்டுபோய்விடுவார். ஆறரை வரை நான் இடையறாது உறங்கிய அந்த இரண்டரை மணி நேரந்தான் அன்றைய பகலைத் தாங்க வைத்தது. இப்படி ஒரு துண்டு உறக்கத்தை யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பகலில் பிள்ளை உறங்கும்போது சமையலை மற்றவரிடம் விட்டு நீங்களும் படுங்கள்; பார்க்க வருகிறவர்களை ஒரு கிழமை பொறுக்கச் சொல்வதில் தவறில்லை.

களைப்பு மிகும்போது கதிரையிலோ சோபாவிலோ பிள்ளையை அணைத்தபடி கண் அயர்ந்துவிடுவது பெரிய ஆபத்து. உறக்கம் வருவது தெரிந்தால், பிள்ளையைத் தலையணையோ தடித்த போர்வையோ இல்லாத தட்டையான படுக்கையில், நுளம்பு வலைக்குள், மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்தில் படுங்கள். ஏணையில் பிள்ளையின் நாடி (மோவாய்) நெஞ்சில் குத்தி மூச்சு நெருக்குப்படலாம் என்பதால், இரவு முழுவதும் அதில் விடாதீர்கள். இரண்டு கிழமைக்கு மேலாக, பிள்ளை உறங்கும்போதுகூட உங்களுக்கு உறக்கம் வராமல், எதிலும் மனம் பற்றாமல், அழுகை முட்டிக்கொண்டே இருந்தால் அதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; அதற்கும் மருத்துவம் உண்டு.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியசோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தாலும், பிள்ளை பாலை முற்றாக மறுத்தாலும், சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலும், எழுப்ப முடியாதபடி சோர்ந்து கிடந்தாலும் விடியும் வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வாகனம் இல்லையென்றால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். அப்படி எதுவும் இல்லாமல், ஆனால் ஒரு கிழமை ஒழுங்காகக் கொடுத்தும் திட்டுகள் குறையவில்லையென்றால், மருந்துப் போத்தலையும் எந்தெந்த நேரம் கொடுத்தீர்கள் என்ற குறிப்பையும் எடுத்துக்கொண்டு அதே வைத்தியரிடம் திரும்பப் போங்கள்.