சிறிய தாடையுடன் பிறந்த குழந்தை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பியர் ராபின் என்ற பிறவித் தாடைப் பாதிப்புள்ள குழந்தைகளைப் பார்க்கத் தொடங்கும் இளம் மருத்துவர்கள், எங்கள் தலைமுறை தவறிய அதே இடங்களில்தான் இன்றும் தவறுகிறார்கள். கீழ்த்தாடை சிறியது, நாக்கு பின்னால் சரியும், மூச்சுப்பாதை அடைபடும், பெரும்பாலும் அண்ணமும் பிளந்திருக்கும். இது எல்லோருக்கும் தெரியும்.

விழித்திருக்கும்போது மட்டும் மூச்சைப் பார்ப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். குழந்தை அழுதுகொண்டிருக்கும், பாதத்தில் ஒட்டிய கருவி ரத்த ஆக்சிஜன் 97 சதவீதம் என்று காட்டும், உடனே 'ஆக்சிஜன் சரி, வீட்டுக்கு அனுப்பலாம்' என்று எழுதிவிடுவார்கள். அழும்போது நாக்குத் தசை இறுகி முன்னால் நிற்கும். தூங்கியதும் தளர்ந்து தொண்டையை மூடும். குறட்டை இல்லை என்றும் நிம்மதியடைய வேண்டாம். பாதை முழுதாக அடைபட்டால் சத்தமே வராது, நெஞ்சுக்குழி மட்டும் உள்ளே இழுக்கும்.

அப்படி அனுப்பப்பட்ட ஒரு குழந்தை எங்களிடம் வந்தபோது எடை ஏறவே இல்லை. அம்மாவுக்குப் பாலூட்டத் தெரியவில்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண் குறுகிப்போய் உட்கார்ந்திருந்தார். குடித்த பாலின் சத்தெல்லாம் மூச்சிழுக்கும் உழைப்பிலேயே கரைந்துகொண்டிருந்தது. தூங்கும்போதும் பால் குடிக்கும்போதும் பாருங்கள், மல்லாந்தும் குப்புறவும் பாருங்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு, எடை எப்படிப் போகிறது என்று கேளுங்கள். முடிந்தால் தூக்க ஆய்வு, அதாவது தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜனையும் கருவிகளால் பதிவு செய்யும் சோதனை, செய்யுங்கள்.

அவசரப்பட்டுத் தாடையை வெட்டுவது

கண்காணிப்பில் குப்புறப் படுக்கவைப்பதும் மூச்சுப்பாதையைத் திறந்து வைக்க மூக்குவழியே வைக்கும் குழாயும் பல குழந்தைகளுக்குப் போதும். போதாதபோதுதான் எலும்பை வெட்டி, கருவி பொருத்தி, நாளுக்கு 1 முதல் 2 மி.மீ. விலக்கிப் புது எலும்பை வளரவிடும் முறை. அதற்கு முன் எண்டோஸ்கோப் கருவியை உள்ளே விட்டு மூச்சுப்பாதையைப் பார்த்துவிடுங்கள்: அடைப்பு குரல்வளைக்குக் கீழே இருந்தால் தாடையை நீட்டியும் பயனில்லை. அப்புறம், சிடி ஸ்கேனில் நரம்பும் கடைவாய்ப் பல் மொட்டுகளும் எங்கே என்று தெரியாமல் வெட்டுக்கோடு போடாதீர்கள். மொட்டில் பட்ட காயம் பல ஆண்டு கழித்து, முளைக்காத பல்லாக, பல் சீரமைப்பு நிபுணரிடம் வந்து நிற்கும்.

அண்ணத்தைத் தைக்கும் முன்

தூக்க ஆய்வை மறுபடி செய்யுங்கள். பிளவை மூடினால் பாதை இன்னும் குறுகலாம்.

கண்

ராபின் குழந்தைகள் சிலருக்கு ஸ்டிக்லர் என்ற மரபுவழி இணைப்புத்திசு நோய்க்குறியும் இருக்கும். அது இருந்தால் விழித்திரை பிரியக்கூடும். கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

நாக்கு

பெக்வித்-வீடமன் என்ற, உடல் உறுப்புகள் மிகையாக வளரும் பிறவி நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கு நாக்கே பெரிது. அதைக் கவனிக்காமல் பல்லுக்குக் கிளிப் மட்டும் போட்டால், மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே மூடிய இடைவெளி மறுபடி திறந்துகொள்ளலாம். ராபின் குழந்தைக்குப் பொதுவாக நாக்கின் அளவு சரியாகவே இருக்கும், இடம்தான் போதாது. அதை வெட்டிச் சிறிதாக்க நினைக்காதீர்கள்.