பைத்தான் இருந்தும் ‘இல்லை’ என்கிறதா கன்ஃபிகர்? சரிசெய்யும் வழி

மூல நிரலை இறக்கி, பில்டுக்கு (நிரலை இயங்கும் மென்பொருளாக்குவதற்கு) முன் தேவையானவை கணினியில் உள்ளனவா என்று சோதிக்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டுகிறீர்கள். ‘செக்கிங் ஃபார் பைத்தான்... நோ’ என்று காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. பைத்தானோ உங்கள் கணினியில் நன்றாகவே ஓடுகிறது. புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில் தவறு தங்களுடையது என்று நினைத்துக் கைவிட்டுவிடக் கூடாது. தவறு பெரும்பாலும் ஸ்கிரிப்டில்தான்.

பழைய ஸ்கிரிப்டுகள் ‘பைத்தான்’ என்ற ஒரே பெயரைத்தான் தேடும். அந்தப் பெயர் முன்பு பெரும்பாலும் பைத்தான் 2-ஐக் குறித்தது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-இல் முடிந்தது. உபுண்டு 20.04-இல் ‘பைத்தான்’ என்ற பெயரில் கட்டளை தானாக வராது, ‘பைத்தான்3’ மட்டும் இருக்கும். மேக்ஓஎஸ் 12.3-இல் ஆப்பிளும் பைத்தான் 2.7-ஐ எடுத்துவிட்டது.

படி 1: டெர்மினலில் ‘கமாண்ட் -வி பைத்தான்3’ என்று கேளுங்கள். முழுப் பாதை கிடைக்கும். குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: கன்ஃபிகர் ஓடிய இடத்தில் ‘கன்ஃபிக்.லாக்’ என்ற ஃபைல் இருக்கும். எந்தெந்த ஃபோல்டர்களில் தேடியது, எந்தப் பெயரைத் தேடியது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். எதையும் மாற்றும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

படி 3: அவசரமாக பில்ட் ஆனால் போதும் என்றால், கன்ஃபிகர் கட்டளையோடு பைத்தான் மாறியைப் பெரிய எழுத்தில் எழுதி, சமக்குறி போட்டு, குறித்து வைத்த பாதையைக் கொடுங்கள். முழுப் பாதையாகவே கொடுக்க வேண்டும். வெறும் ‘பைத்தான்3’ என்று கொடுத்தால், ஆட்டோகான்ஃபின் (கன்ஃபிகரை உருவாக்கும் கருவி) பாதை தேடும் மேக்ரோ, அதாவது அதற்கான தயார் நிரல் துண்டு, அதைப் பொருட்படுத்தாமல் பழையபடியே தேடப் போகும்.

படி 4: நிரந்தரத் தீர்வு ‘கன்ஃபிகர்.ஏசி’ ஃபைலில் இருக்கிறது. கன்ஃபிகரை நேரடியாகத் திருத்தாதீர்கள். அது இதிலிருந்து உருவாகும் ஃபைல், அடுத்த முறை உருவாக்கும்போது உங்கள் திருத்தம் போய்விடும். பாதை தேடும் மேக்ரோவான ‘ஏசி_பாத்_ப்ராக்’ இருக்கும் இடத்தில் ‘ஏசி_பாத்_ப்ராக்ஸ்’ போட்டு, பைத்தான்3, பைத்தான் என்று இதே வரிசையில் பெயர்களைக் கொடுங்கள். முதலில் கிடைப்பதை அது எடுத்துக்கொள்ளும்.

படி 5: பெயர் கிடைத்தால் மட்டும் போதாது, பதிப்பையும் பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சில ஸ்கிரிப்டுகள், பைத்தான் தன் பதிப்பைச் சொல்லும் ‘சிஸ்.வெர்ஷன்’ தரும் எழுத்துச் சரத்தில் முதல் மூன்று எழுத்துகளை வெட்டி எடுக்கும். 3.9 வரை சிக்கல் வரவில்லை. 2021 அக்டோபரில் 3.10 வந்ததும் அந்த வெட்டு ‘3.1’ என்று ஆனது, புதிய பைத்தான் ‘மிகப் பழையது’ என்று தள்ளப்பட்டது. சரமாக ஒப்பிட்டாலும் இதே கதைதான்: 3.10 வரிசையில் 3.9-க்கு முன்னால் வந்துவிடும். எனவே பைத்தானிடமே கேளுங்கள். ‘சிஸ்.வெர்ஷன்_இன்ஃபோ’ எண்களின் தொகுப்பாக வருவதால் (3, 6) போன்ற தொகுப்போடு சரியாக ஒப்பிடலாம். சிறியதாக இருந்தால் பிழைக்குறியோடு வெளியேறச் சொல்லுங்கள், அந்தக் குறியைப் பார்த்து ‘ஏசி_எம்எஸ்ஜி_எர்ரர்’ மேக்ரோ மூலம் தெளிவான செய்தி கொடுத்து நிறுத்துங்கள்.

ப்ராஜெக்ட், ஆட்டோகான்ஃபோடு சேர்ந்து வேலை செய்யும் ஆட்டோமேக் கருவியைப் பயன்படுத்தினால் ‘ஏஎம்_பாத்_பைத்தான்’ மேக்ரோவே குறைந்தபட்சப் பதிப்பைச் சோதித்துவிடும். எனக்குப் பிடித்த வழி அதுதான்.

படி 6: கன்ஃபிகரை மறுபடி உருவாக்க ‘ஆட்டோரீகான்ஃப் -எஃப்ஐ’ ஓட்டுங்கள். முந்தைய சோதனை முடிவுகளைச் சேமிக்கும் ‘கன்ஃபிக்.கேஷ்’ ஃபைல் இருந்தால் அழித்துவிடுங்கள், பழைய ‘நோ’ அதில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்புறம் கன்ஃபிகரை ஓட்டினால் பைத்தான்3-இன் பாதை தெரியும்.

கடைசியாக, வேண்டுமென்றே பைத்தான் மாறிக்கு, எப்போதும் தோல்வி என்றே முடியும் ‘ஃபால்ஸ்’ கட்டளையின் முழுப் பாதையைக் கொடுத்து ஒருமுறை ஓட்டுங்கள். நீங்கள் எழுதிய செய்தியைக் காட்டி கன்ஃபிகர் நின்றால், சோதனை சரியாக வேலை செய்கிறது.